கைப்பக்குவத்தை எடைக்குக் கொண்டுவருதல்: வீட்டுச் சமையலறையிலிருந்து உணவு விற்கத் தொடங்குகிறவர்களுக்கு

வீட்டில் நாலு பேருக்குச் சமைக்கிறபோது உப்பு தூக்கலாகிவிட்டால் யாராவது முகம் சுளிப்பார்கள், மறுநாள் சரியாகிவிடும். காசு கொடுத்து வாங்கியவர் முகம் சுளிப்பதை நீங்கள் பார்க்க முடியாது. அவர் அடுத்த முறை வாங்கமாட்டார், ஏன் என்றும் சொல்லமாட்டார். வீட்டுத் தயாரிப்பு உணவுத் தொழில் பெரும்பாலும் ருசிக் குறைவால் நின்றுபோவதில்லை. முதல் ஈடு (ஒரு தடவையில் சமைத்து எடுப்பது) ஒரு மாதிரி, பத்தாவது ஈடு வேறு மாதிரி என்று ஆவதாலும், கணக்கில் வராத செலவுகளாலும்தான் நின்றுபோகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: எல்லாவற்றையும் நிறுத்துப் பார்ப்பது, எழுதி வைப்பது.

எதை விற்பது

நன்றாக வருகிற பண்டங்களை எல்லாம் பட்டியல் போட்டுவிட்டு, ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது அடுப்பை விட்டு இறங்கி, வாங்கியவர் வாய்க்குப் போகும்வரை எத்தனை மணி நேரம் அல்லது எத்தனை நாள் எந்தச் சூட்டில் இருக்கப் போகிறது? விடை உறுதியாகத் தெரியாத பண்டத்தைத் தொடக்கத்தில் தொடாதீர்கள்.

உணவு கெடுவதைத் தீர்மானிப்பவை முக்கியமாக நீர், புளிப்பு, சூடு ஆகிய மூன்றும். நீர் என்பது எவ்வளவு ஈரமாகத் தெரிகிறது என்பதல்ல. நுண்ணுயிர்கள் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய நீர் எவ்வளவு என்பது. இதை நீர்ச் செயல்பாடு என்ற அளவால் குறிப்பார்கள். தூய நீர் 1.0. 0.85க்குக் கீழே வந்தால் நோய் தரும் பாக்டீரியாக்கள் பெருக முடியாது, 0.60க்குக் கீழே பூஞ்சை உட்பட எதுவும் வளராது. ஜாமில் நீர் நிறைய இருந்தாலும் சர்க்கரை அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதனால் தாங்குகிறது. பிஸ்கட், வறுத்தரைத்த பொடி, நன்றாகப் பொரித்த மொறுமொறு வகைகள் எல்லாம் மிகக் கீழே இருப்பவை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இவைதான் ஏற்றவை.

சமைத்த சோறு, குழம்பு வகைகள், பால், முட்டை, இறைச்சி சேர்ந்த பண்டங்கள், கிரீம் வைத்த கேக் எல்லாம் இன்னொரு உலகம். இவற்றை விற்கக் கூடாது என்பதில்லை. குளிர்பெட்டி, வெப்பமானி, நேரக் கட்டுப்பாடு மூன்றும் கைவந்த பிறகு போகலாம்.

தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பச்சைப் பூண்டு, பச்சை மிளகாய், மூலிகை இலை போன்றவற்றை எண்ணெயில் மூழ்கவிட்டு, அடுக்களை அலமாரியிலேயே வைத்து விற்கும் பாட்டில்கள் பார்க்க அழகாக இருக்கும். மண்ணில் இருக்கும் போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் காற்றில்லாத, புளிப்பில்லாத அந்த எண்ணெய்க்கு அடியில்தான் செழிக்கும். சாதாரணக் கொதிநீரில் அவை சாவதில்லை. 121 டிகிரி செல்சியஸ் அழுத்த நீராவி வேண்டும். நஞ்சு உருவான பிறகும் வாசனையோ நிறமோ மாறாமல் இருக்கலாம். ஊறுகாய், சாஸ் வகைகளில் இதைத் தடுப்பது புளிப்பு: பி.எச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல்) 4.6க்குக் கீழே இருக்க வேண்டும், 4.2 அளவில் நிறுத்தினால் நிம்மதி. காகிதப் பட்டையை நம்பி எல்லைக்கு அருகில் விளையாட வேண்டாம். பி.எச் மீட்டர் வாங்கி, பி.எச் 4, 7 என்று குறித்த சரிபார்ப்புக் கரைசல்களில் சரிபார்த்து, பண்டத்தை அரைத்து அளக்க வேண்டும். துண்டுகளின் நடுவரை புளிப்பு ஏறச் சில நாள் ஆகும் என்பதால், போட்ட அன்றே அளந்து முடிவு கட்டக் கூடாது.

இரண்டு, மிஞ்சினால் மூன்று பண்டம் போதும். பதினைந்து வகைப் பட்டியலோடு இறங்குகிறவர்கள் பதினைந்து வகைக்கும் மூலப்பொருள் வாங்கி அடுக்கிவிட்டு, பாதியை வண்டு பிடிக்க விடுகிறார்கள்.

அனுமதி

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் நேரில் கேட்க வேண்டியவை நான்கு: வீட்டிலிருந்து விற்க அனுமதி உண்டா, எந்தெந்தப் பண்டங்களுக்கு உண்டு, சமையலறையில் என்ன மாற்றம் கேட்பார்கள், பொட்டலத்தில் ஒட்டும் சீட்டில் என்னென்ன அச்சிட வேண்டும். பல இடங்களில் கெடாத பண்டங்களுக்கு எளிய பதிவு போதும். குளிரில் வைக்க வேண்டியவற்றுக்குத் தனி உரிமம். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் எழுத்து ஒப்புதலும், கிணற்று நீர் என்றால் ஆய்வகச் சான்றும் கேட்கலாம். விடையைக் கேட்டுவிட்டுத்தான் பொட்டலம் அச்சடிக்கக் கொடுக்க வேண்டும். ஆயிரம் உறை அச்சடித்த பிறகு பதிவு எண் போட இடமில்லை என்று விழிப்பவர்கள் எப்போதும் உண்டு.

கை அளவிலிருந்து கிராமுக்கு

இரண்டு தராசு வேண்டும். ஒன்று 5 கிலோவரை, 1 கிராம் துல்லியத்தோடு. இன்னொன்று உப்பு, மசாலா, சோடா போன்றவற்றுக்கு, 0.1 கிராம் துல்லியத்தோடு. விற்பனைக்கு எடை போடும் தராசுக்கு அரசு முத்திரை வேண்டுமா என்பதையும் அனுமதி கேட்கப் போகும்போதே கேட்டுவிடுங்கள்.

கை அளவில் சமைத்தே பழகியவர்கள் நிறுத்துச் சமைக்க உட்கார்ந்தால் ருசி மாறிவிடும், கை தயங்கும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. உப்பு டப்பாவை மூடியோடு நிறுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மிளகாய்த்தூள், சர்க்கரை, எண்ணெய் பாட்டில், மாவு டப்பா எல்லாவற்றையும் அப்படியே. பிறகு தராசை மறந்துவிட்டு, வழக்கம்போலக் கையாலேயே எடுத்துச் சமையுங்கள். முடிந்ததும் டப்பாக்களைத் திரும்ப நிறுங்கள். குறைந்திருக்கும் எடைதான் உங்கள் கைப்பக்குவம். மூன்று முறை இப்படிச் செய்து, ருசி மிகச் சரியாக அமைந்த ஈட்டின் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றின் சராசரியை எடுத்தால் எந்த ஈட்டின் ருசியும் கிடைக்காமல் போகலாம்.

அடுத்து எழுத வேண்டியது முடிவு எடை. ஒவ்வொரு பாத்திரத்தின் வெற்று எடையையும் அதன் அடியில் அழியாத மையால் எழுதிவிடுங்கள். வற்றவைக்கிற பண்டங்களில் பதத்தைக் கண்ணால் மட்டும் பிடிக்காமல், நல்ல பதம் வந்தபோது மொத்த எடை எவ்வளவு என்று குறித்துவைத்தால் பிறகு எல்லா ஈட்டையும் அதே எடையில் இறக்கலாம். 6 கிலோவில் தொடங்கியது 3.6 கிலோவில் சரியான பதம் என்றால், எந்த நாளிலும், யார் கிளறினாலும், 60 சதவீதத்தில் இறக்குவதுதான் விதி. ஜாமுக்கு வெப்பமானியும் உதவும்: உங்கள் ஊரில் தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேல் 4.5 டிகிரி. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 1 டிகிரி குறையும். மலைப்பகுதியில் 104 டிகிரி வரட்டும் என்று காத்திருந்தால் ஜாம் கல்லாகிவிடும்.

அளவைப் பெருக்கும்போதுதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். நான்கு மடங்கு பொருள் போட்டால் நான்கு மடங்கு பண்டம் வரும் என்பது தாளில் மட்டும்தான். வீட்டு அடுப்பின் நெருப்பு அதேதான். ஆகவே கொதி வர நான்கு மடங்கு நேரம் ஆகும், அதற்குள் காய் குழைந்துவிடும். பாத்திரம் ஆழமாகிறதே தவிர வாய் அதே விகிதத்தில் அகலமாவதில்லை. நீர் வற்றாமல் பண்டம் நீர்த்துக் கிடக்கும். பொரிப்பதிலோ, ஒரே நேரத்தில் அதிகம் போட்டால் 175 டிகிரியில் இருந்த எண்ணெய் 140க்கு இறங்கிவிடும். மேல்தோல் இறுகுவதற்குள் எண்ணெய் உள்ளே புகும். அன்றைக்குத் தெரியாது, பத்து நாள் கழித்துச் சிக்கு வாடையாக வரும். ஒரு தடவையில் இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். ஏற்றிய ஒவ்வொரு முறையும் நேரம், முடிவு எடை, ருசி மூன்றையும் புதிதாக எழுதுங்கள். அதற்குமேல் வேண்டுமென்றால், பெரிய ஒரு ஈட்டைவிடச் சின்னதாக இரண்டு ஈடு போடுவதே மேல்.

அடக்க விலை

ஒரு பிஸ்கட் ஈட்டை எடுத்துக்கொள்வோம். எண்களை எந்த நாணயமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். மூலப்பொருள் 600. உறையும் சீட்டும் 150. எரிபொருள், மின்சாரம் 50. வேலை நேரம் 4 மணி, மணிக்கு 100 வீதம் 400. தராசு தேய்மானம், பதிவுக் கட்டணம், தொலைபேசி, போக்குவரத்து இவற்றின் பங்கு 60. ஆக 1,260.

இந்த ஈட்டில் 20 பொட்டலம் வர வேண்டும். அப்படியானால் ஒன்று 63. ஆனால் உடைந்தவை, ஓரம் கருகியவை, ருசி பார்த்தவை, மாதிரிக்கு எடுத்து வைத்தது எல்லாம் போக உண்மையில் விற்கக் கிடைப்பது 18. ஆகவே அடக்கம் 70. சேதாரத்தைக் கணக்கில் சேர்க்காதவர் பொட்டலத்துக்கு 7 வீதம் தெரியாமலே இழக்கிறார். மூலப்பொருளை மட்டும் வகுத்துப் பார்க்கிறவர் நிலை இன்னும் மோசம்: 600ஐ 18ஆல் வகுத்தால் 33 சொச்சம், 50க்கு விற்றால் நல்ல லாபம் என்று நினைப்பார். உண்மையில் பொட்டலத்துக்கு 20 கையைவிட்டுப் போகிறது, அது அவருடைய உழைப்பிலிருந்து போவதால் உடனே தெரிவதில்லை.

விற்கும் விலையில் 30 சதவீதம் லாபமாக நிற்க வேண்டும் என்றால் 70ஐ 0.7ஆல் வகுக்க வேண்டும்: 100. பலர் 70இல் 30 சதவீதத்தைக் கூட்டி 91 என்று வைக்கிறார்கள். 91இல் 21தான் லாபம், அது 23 சதவீதம். கடைக்காரருக்கோ ஆன்லைன் செயலிக்கோ 20 சதவீதம் கழிவு கொடுத்தால், 100 விலையில் உங்கள் கைக்கு வருவது 80, லாபம் 10. நேரடி விற்பனைக்குப் போட்ட விலையிலேயே கடைக்கும் கொடுக்க ஒப்புக்கொள்ளும் முன் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுவிடுங்கள்.

வேலை நேரம் என்பது அடுப்படியில் நின்ற நேரம் மட்டுமல்ல. சாமான் வாங்கப் போனது, பாத்திரம் கழுவியது, சீட்டு ஒட்டியது, செய்திகளுக்குப் பதில் போட்டது எல்லாம் சேர்த்தி. ஒரு வாரம் கடிகாரம் பார்த்து எழுதினால் சமைக்கும் நேரம் மொத்தத்தில் பாதிகூட இருக்காது என்பது தெரியும்.

அடுக்களை

விற்பனைச் சமையலும் வீட்டுச் சமையலும் ஒரே நேரத்தில் நடக்கக் கூடாது. இடத்தைப் பிரிக்க முடியாவிட்டால் நேரத்தைப் பிரியுங்கள். வீட்டு வேலை முடிந்து, மேடை துடைத்து, குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் வெளியே போன பிறகு தொடங்குங்கள். மூலப்பொருளுக்குத் தனி அலமாரி, மூடியுள்ள டப்பா, டப்பாவின் மேல் வாங்கிய தேதி.

மேடையையும் பாத்திரத்தையும் முதலில் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் கிருமிநாசினி. 5 சதவீத வீட்டு பிளீச்சில் 2 மில்லியை ஒரு லிட்டர் நீரில் கலந்தால் தேவையான வலு கிடைக்கும். வாசனையூட்டிய வகை வேண்டாம். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், நேற்றுக் கலந்ததன் வலு குறைந்திருக்கும். துடைக்கும் துணிதான் சமையலறையிலேயே அழுக்கான பொருள்; ஒரு ஈட்டுக்கு ஒன்று என்று மாற்றிக் கொதிநீரில் அலசுங்கள்.

கையில் வெட்டுக்காயம், கொப்புளம் இருந்தால் கட்டுப்போட்டு அதன்மேல் கையுறை. தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா உணவில் இறங்கினால் அது விடும் நஞ்சு திரும்பக் கொதிக்க வைத்தாலும் போகாது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், நின்றபின் முழுதாக 48 மணி நேரம் விற்பனைக்குச் சமைக்க வேண்டாம். ஆர்டர் இருக்கிறதே என்றால், ஆர்டரை ரத்து செய்யுங்கள்.

சமைத்த, ஈரமான உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் இருக்கும் நேரத்தைச் சுருக்குவதுதான் மற்றவை எல்லாவற்றையும்விட முக்கியம். சூடாக விற்பது என்றால் 60க்கு மேலேயே வைத்திருங்கள். ஆறவைத்து விற்பது என்றால் 60இலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5க்கு அடுத்த நாலு மணி நேரத்துக்குள் இறக்குங்கள். பத்து லிட்டர் குண்டானை அப்படியே குளிர்பெட்டிக்குள் தள்ளினால் இந்தக் கணக்கு நடக்காது. ஓரம் சில்லிட்டிருக்கும், நடுவில் கரண்டியை விட்டால் காலையிலும் வெதுவெதுப்பாக இருக்கும். பக்கத்தில் இருக்கும் பாலும் சூடேறிக் கெடும். அகலத் தட்டுகளில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, தட்டை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்து, நடுவில் கிளறிக்கொண்டே இருங்கள். ஆறும்வரை இறுக்கி மூட வேண்டாம். சோற்றில் இது இன்னும் கவனம்: பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்து வேகும்போது சாவதில்லை, அறைச்சூட்டில் முளைத்து நஞ்சு விடுகிறது. மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது.

வெப்பமானியை மாதம் ஒரு முறை, பொடித்த ஐஸ் நிறையப் போட்ட தண்ணீரில் வைத்துப் பாருங்கள். 0 காட்ட வேண்டும்.

பொட்டலம்

உலர்ந்த பண்டம் பொட்டலத்துக்குள் கெடுவதற்கு முதல் காரணம் அவசரம். வெதுவெதுப்பு இருக்கும்போதே மூடினால் உள்ளே ஆவி வியர்த்து, ஒரு துளி நீர் ஒரு மூலையில் தங்கும். நமத்துப்போவது அங்கேதான் தொடங்கும், பூஞ்சையும் அங்கேதான். பண்டத்தின் நடுப்பகுதி அறைச்சூட்டுக்கு வந்த பிறகே நிரப்புங்கள். அதற்காக இரவெல்லாம் திறந்து போட்டுவிடவும் கூடாது. ஈரக் காற்றை அது இழுத்துக்கொள்ளும்.

மெல்லிய பாலித்தீன் உறை தண்ணீரைத் தடுக்கும், காற்றை அவ்வளவாகத் தடுக்காது. எண்ணெயில் பொரித்ததற்கும் நெய், பருப்பு வகைகள் சேர்ந்ததற்கும் அலுமினியப் படலம் உள்ள உறையே நல்லது, ஏனென்றால் எண்ணெயைக் காறச் செய்வது காற்றும் வெளிச்சமும். கண்ணாடி பாட்டிலில் அடைப்பது என்றால் கழுவிய பாட்டிலை 10 நிமிடம் கொதிநீரில் வையுங்கள். உயரமான இடங்களில் 300 மீட்டருக்கு ஒரு நிமிடம் கூடுதலாக.

சீல் போட்டதும் ஒவ்வொரு ஈட்டிலும் இரண்டு பொட்டலத்தை எடுத்து, ஒரு வாளித் தண்ணீருக்குள் அமுக்கி, கையால் மெல்ல அழுத்துங்கள். சீல் ஓரத்திலிருந்து சரம்சரமாகக் குமிழி வந்தால் அங்கே ஓட்டை. பெரும்பாலும் காரணம் மெஷினாக இருக்காது. சீல் விழும் இடத்தில் ஒட்டியிருக்கும் பொடியோ எண்ணெய்ப் பிசுக்கோதான். நிரப்பும்போது உறையின் வாய்க்குள் சுருட்டிய தாளையோ புனலையோ வைத்து நிரப்பி, அதை எடுத்த பிறகு வாயை உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டுச் சீல் போட்டால் பாதிக்கு மேல் தீரும். உறை சுருங்கிக் கருகினால் சூடு அதிகம், இழுத்தால் பிரிந்துவிட்டால் சூடு குறைவு.

எத்தனை நாள் தாங்கும் என்பதை ஊகித்து அச்சிடாதீர்கள். ஒரே ஈட்டிலிருந்து 12 பொட்டலம் எடுத்து, நிறுத்து எடையை மேலேயே எழுதுங்கள். ஆறை நிழலான அலமாரியிலும் ஆறை வீட்டிலேயே சூடான இடத்திலும் வையுங்கள். வாரம் ஒன்றாக இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்து முதலில் நிறுங்கள். 200 கிராம் என்று எழுதியது 203 ஆகியிருந்தால் உறை ஈரத்தை உள்ளே விடுகிறது என்று அர்த்தம், வாய்க்குத் தெரிவதற்கு முன்பே தராசு சொல்லிவிடும். பிறகு வாசனை, மொறுமொறுப்பு, ருசி. சூடான இடத்தில் குறை முதலில் தெரிந்த நாளைப் பிடித்து, அதில் மூன்றில் இரண்டு பங்கைக் காலாவதியாக வைத்தால் போதும். இது உலர்ந்த பண்டங்களுக்கு மட்டுமான சோதனை. ஈரமான, புளிப்பில்லாத உணவுகள் பாதுகாப்பானவையா என்பதை ருசி பார்த்துத் தீர்மானிக்க முடியாது, ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

சீட்டில் பண்டத்தின் பெயர், சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக, நிகர எடை, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, வைக்கும் முறை, முகவரி, பதிவு எண், பேட்ச் எண் (எந்த ஈடு என்று காட்டும் எண்) இருக்கட்டும். ஒவ்வாமை தரும் பொருள்களைத் தனி வரியில் தடித்த எழுத்தில் போடுங்கள்: கோதுமை, பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, எள், மீன், இறால், நண்டு. பண்டத்தில் சேர்க்காவிட்டாலும் அதே மிக்ஸியில் வேர்க்கடலை அரைத்திருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். தேன் சேர்த்திருந்தால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற வரியும் தேவை.

ஆர்டர் எடுக்கும்போது

உங்கள் அடுப்பும் கையும் ஒரு நாளில் எத்தனை பொட்டலம் தாங்கும் என்பதைக் கண்டுபிடித்து, அதில் முக்கால் பங்குக்கு மட்டும் ஆர்டர் எடுங்கள். மிச்சக் கால் பங்கு எரிவாயு தீர்ந்துபோகிற நாளுக்கும், ஒரு தட்டு கருகுகிற நாளுக்கும். முன்பணம் பாதியாவது வாங்குங்கள், தெரிந்தவர்களிடமும்தான். உண்மையில் தெரிந்தவர்களிடம்தான் பாக்கி அதிகம் நிற்கும். ஆர்டருக்கான கடைசி நேரத்தை ஒன்று வைத்து, அதற்குப் பிறகு வந்ததை அடுத்த நாளுக்குத் தள்ளுங்கள்.

ஒரு நோட்டில் ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒரு பக்கம்: தேதி, பேட்ச் எண், எந்த மூட்டை மாவு, எந்த டின் எண்ணெய், முடிவு எடை, எத்தனை பொட்டலம், யார் யாருக்குப் போனது. ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு பொட்டலத்தைக் காலாவதி முடிகிறவரை தனியே எடுத்து வையுங்கள்.

யாராவது குறை சொன்னால் வாக்குவாதத்துக்கு முன்பாகப் பேட்ச் எண்ணைக் கேளுங்கள். எடுத்து வைத்த பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். அதிலும் அதே வாடை என்றால், நோட்டின் அந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லாருக்கும் அன்றே தொலைபேசி போட்டு, சாப்பிட வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதே எண்ணெய் டின்னில் பொரித்த அடுத்த ஈடு இன்னும் வீட்டில் இருந்தால் அதையும் விற்காமல் நிறுத்துங்கள். எடுத்து வைத்த பொட்டலம் நன்றாக இருந்தால், வாங்கியவர் எங்கே வைத்திருந்தார், எப்போது பிரித்தார் என்று பொறுமையாகக் கேளுங்கள். ஜன்னலோரம் வெயிலில் இருந்தது என்று தெரியவந்தாலும் ஒரு புதுப் பொட்டலம் கொடுத்துவிட்டு, சீட்டில் ‘வெயில் படாமல் வைக்கவும்’ என்ற எழுத்தை அடுத்த அச்சில் பெரிதாக்குங்கள்.